இரண்டு பாய் அறையைக் காட்சிக்கூடத்துக்குள் கட்டுவது: அளவு, ஒளி, காற்று, மண்பூச்சு

நிழற்கோடு:

வணக்கம். ஜப்பானியத் தேநீர் அறையை முன்மாதிரியாக வைத்து ஒரு நிறுவல் படைப்புக்கு வரைபடம் தயாராகிக்கொண்டிருக்கிறது. கூடத்தின் உள்ளளவு 6 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3.4. அதன் நடுவில் இரண்டு தத்தாமி (ஜப்பானியத் தரைப்பாய்) அளவுள்ள தனி அறை. ஒரு நேரத்தில் ஒருவர்தான். பன்னிரண்டு நிமிடம் உள்ளே இருப்பார். ஆறு வாரக் காட்சி. முழுநேரமும் ஏசி ஓடும், ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். உள்ளே சிற்பமோ படமோ கிடையாது. மண்சுவர், காகிதச் சன்னல், மிக மெதுவாக மாறும் ஒளி, இவ்வளவே.

தாய்-ஆன் என்ற பழைய ஜப்பானியத் தேநீர் அறையின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? மண்பூச்சை ஆறு வாரமும் விரிசல் இல்லாமல் நிறுத்துவது எப்படி? ஷோஜி என்ற காகிதச் சன்னலுக்குப் பின்னால் எல்.இ.டி. புள்ளிபுள்ளியாகத் தெரியாமலிருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும்? குனிந்து நுழையும் வாசலை வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு என்ன வழி? நீரோசை போல ஓர் ஒலித்தடம் சேர்க்கும் யோசனையும் இருக்கிறது.

தச்சுப்பட்டறை:

முதலில் எந்தப் பாய் என்று முடிவு செய்யுங்கள். கியோத்தோ அளவுப் பாய் 191 செ.மீ.க்கு 95.5. தோக்கியோ பக்கத்து அளவு 176க்கு 88. இரண்டை அருகருகே போட்டால் முதலாவது 191 சதுரம், இரண்டாவது 176 சதுரம். வரைபடத்தில் இந்த 15 செ.மீ. பெரிதாகத் தெரியாது. காலை மடக்கி உட்கார்ந்த பிறகு எதிர்ச்சுவர் மூச்சுக்கு அருகில் வந்துவிடும். 191ஐ விட்டுக் கீழே இறங்காதீர்கள்.

தாய்-ஆன் அளவுகளை எடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த அறை தன் அளவைவிடப் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. கியோத்தோவுக்கு அருகே யாமாசாகியில் மியோகி-ஆன் கோயிலில் உள்ள அறை அது. 1582 வாக்கில் தேநீர்க்கலை ஆசான் சென் நோ ரிக்யூ அமைத்தது என்று கருதப்படுகிறது. அவர் அமைத்ததாகச் சொல்லப்படும் அறைகளில் இன்று எஞ்சி நிற்பது அது ஒன்றே. அதன் தொகோனோமா மாடத்துக்குள் பாருங்கள். உள்மூலைகளில் தூண் தெரியாது. மண்ணை வைத்து மூலையை உருட்டி, மாடத்தின் மேல்தளம் வரை ஒரே பூச்சாக இழுத்திருக்கிறார்கள். மூலைக்கோடு இல்லாததால் மாடம் எவ்வளவு ஆழம் என்பது கண்ணுக்குப் பிடிபடாது. அறையின் கூரையும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒரு பகுதி தட்டை, ஒரு பகுதி சரிவு. சன்னல்கள் வெவ்வேறு உயரத்தில் இருக்கின்றன. கண் எங்கே அளக்கத் தொடங்கினாலும் ஓரிடத்தில் அளவுகோல் நழுவிவிடும். நீங்கள் நகலெடுக்க வேண்டியது அதைத்தான்.

நடைமுறையில்: ஒரு சுவரிலாவது மாடம் வையுங்கள், அதன் உள்மூலைகளை 6 செ.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள். மூலையை வெறும் மண்ணால் நிரப்பக் கூடாது. அந்த இடத்தில் கனம் கூடிச் சுருங்கும்போது நெடுக்காக விரியும். தெர்மோகோலை வளைவாகச் சீவி ஒட்டி, சணல் வலை போர்த்தி, அதன்மேல் சுவருக்குப் பூசும் அதே கனத்தில் பூச வேண்டும்.

மூல அறைக்குள் பார்வையாளர் நுழைய முடியாது, வாசலில் நின்று பார்ப்பதோடு சரி. முழு அளவு நகல் ஓயாமாசாகி ஊரின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018இல் தோக்கியோ மோரி கலை அருங்காட்சியகம் நடத்திய கட்டடக்கலைக் காட்சிக்கும் ஒரு முழு அளவு நகல் செய்தார்கள்.

கூடப்பொறுப்பு:

தச்சுப்பட்டறை சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் தேநீர் அறையையே அடித்தளமாக வைக்க வேண்டுமா என்று இன்னொரு முறை யோசியுங்கள். சிறிய ஜப்பானிய உள்ளிடத்தை நிறுவல் கலையாக மாற்றியதில் எனக்கு மிக உயர்வாகப் படுவது ஜப்பானியக் கலைஞர் ரெய் நாய்தோவின் கின்சா. நவோஷிமா தீவின் வீட்டுக்கலைத் திட்டத்தில் 2001இல் செய்தது. பழைய சிறு வீடு ஒன்றின் தூண்களையும் கூரையையும் நிறுத்திக்கொண்டு, உள்ளே தரையை மண்தரையாக்கினார். சுவரின் அடியில் ஓடும் ஒரு கீற்று வழியாகத்தான் வெளிச்சம் வரும். முன்பதிவு செய்து, ஒருவர் மட்டும், பதினைந்து நிமிடம். வெளிச்சம் தரையோடு தரையாக வருவதால் பார்வை தானாகவே கீழே இறங்கிவிடுகிறது. உட்காரச் சொல்லி யாரும் பலகை எழுதி வைக்கத் தேவையில்லை. 1997 வெனிஸ் பியெனாலே கலைக்காட்சியில் ஜப்பான் அரங்கிலும் அவர் துணிக்கூடாரத்துக்குள் ஒவ்வொருவராகத்தான் அனுப்பினார்.

ஒருவர் என்ற விதிக்கு விலை உண்டு. பன்னிரண்டு நிமிடம் உள்ளே, ஆள் மாற மூன்று நிமிடம் என்றால் மணிக்கு நான்கு பேர். ஏழு மணி நேரம் திறந்திருந்தால் நாளைக்கு 28 பேர். கூடத்தை நடத்துபவர்களிடம் இந்த எண்ணை இப்போதே எழுத்தில் ஒப்புக்கொள்ள வையுங்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு “ஐந்து நிமிடமாகக் குறைத்தால் என்ன” என்று பேச்சு வரும். ஐந்து நிமிடத்தில் கண்ணே பழகியிருக்காது, படைப்பு அங்கேயே முடிந்துவிடும்.

ஒளியளவு:

கண் பழகுவதைப் பற்றிக் கூடப்பொறுப்பு தொட்டதை விரிக்கிறேன். வெளிச்சக் கூடம் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), உங்கள் அறை 5 லக்ஸ் என்று வையுங்கள். கூம்பு செல்கள் இருளுக்குப் பழகி நிலைக்க எட்டுப் பத்து நிமிடம், தண்டு செல்கள் முழுமையாகப் பழக அரை மணி வரை ஆகும். நேரே உள்ளே அனுப்பினால் பன்னிரண்டில் பாதிக்கு மேல் வெறும் கருப்பைப் பார்ப்பதில் போய்விடும். நவோஷிமாவில் மினாமிதேரா கட்டடத்தில் ஒளிக்கலைஞர் ஜேம்ஸ் டரெல் 1999இல் இந்தக் காத்திருப்பையே படைப்பாக்கினார். கும்மிருட்டில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் எதிரே ஓர் ஒளிப்பரப்பு இருப்பது புலப்படும். உங்கள் படைப்பு அந்த வகை இல்லை. எனவே முன்னறை வேண்டும். தேநீர் அறைக்கு முன்னால் ரோஜி என்ற தோட்டப்பாதையும் காத்திருக்கும் பலகையும் இருப்பது இதே வேலைக்குத்தான். உங்கள் கூடத்தில் அறையின் இரு பக்கம் ஒன்றரை மீட்டரும், மற்ற இரு பக்கம் இரண்டு மீட்டரும் போல மிஞ்சும். அதில் 90 செ.மீ. நடைபாதை ஒன்றை இரண்டு முறை திருப்பி விடுங்கள். தொடக்கத்தில் 40 லக்ஸ், பலகை இருக்கும் இடத்தில் 12, வாசலருகே 6. பலகையில் நான்கைந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். முந்தையவர் உள்ளே இருக்கும் நேரமே அதற்குச் சரியாக வரும்.

ஷோஜிக்குப் பின்னால் எல்.இ.டி. பட்டையை நேராகக் காகிதத்தைப் பார்த்து ஒட்டுவதுதான் எல்லாரும் செய்வது. அப்படிச் செய்தால் பட்டைக்கும் பட்டைக்கும் உள்ள தூரத்தைப் போல ஒன்றரை மடங்காவது காகிதத்துக்கு இடைவெளி விட வேண்டும். பட்டைகளை 10 செ.மீ.க்கு ஒன்றாக ஒட்டினால் 15 செ.மீ. ஆனாலும் அதில் வரும் வெளிச்சம் பெட்டிவிளக்கு வெளிச்சம். பகல் வெளிச்சம் மாதிரி வேண்டுமென்றால் பட்டையைத் திருப்பி, 40 செ.மீ. பின்னால் பளபளப்பில்லாத வெள்ளை அடித்த பலகையில் பாய்ச்சி, அது திரும்பி வந்து காகிதத்தில் விழட்டும். வாஷி என்ற ஜப்பானியக் காகிதம் ஏறத்தாழ பாதி ஒளியைத்தான் உள்ளே விடும், பலகையிலும் கொஞ்சம் போகும். அதற்கேற்பப் பட்டையின் வாட்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பலகையை மேல்பக்கம் சற்று முன்னுக்குச் சாய்த்தால் காகிதத்தின் கீழ்ப்பாதி பளிச்சென்றும் மேல்பாதி மங்கியும் நிற்கும். ஜப்பானிய வீட்டில் நீண்ட இறவாரம் வானத்தை மறைக்க, வெளிச்சம் தரையில் பட்டுத் தெறித்துத்தான் காகிதத்துக்கு வருகிறது. அந்தத் திசையை மறந்து மேலிருந்து ஒளியூட்டினால் எவ்வளவு நல்ல காகிதமும் கடைப்பலகை போலத் தெரியும்.

மெதுவாக மாறும் ஒளியில் வழக்கமாகக் கெட்டுப்போவது அடிமட்டம். 8 பிட் டிம்மரில் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மொத்தம் 256 படிகள். படி 2இலிருந்து 3க்குப் போவது ஐம்பது சதவீதத் தாவல், கண் துள்ளும். 16 பிட் கட்டுப்பாடு வாங்குங்கள். எல்.இ.டி. அணைந்து எரியும் துடிப்பின் அதிர்வெண் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் நேரே தெரியாவிட்டாலும் தலையைத் திருப்பும்போது சன்னல் சட்டங்கள் இரட்டையாகச் சிதறும். நிறம் 3500 கெல்வின் அளவில் நிற்கட்டும், நிறம் காட்டும் திறன் 95க்கு மேல். மஞ்சள் விளக்கு மண்சுவரை அழகாக்கும் என்று 2700 போடுவார்கள். அது இரவுநேர உணவகத்தின் நிறம், பகல் வராது.

நிழற்கோடு:

மிக்க நன்றி ஒளியளவு. சாய்த்த பலகை வரைபடத்தில் ஏறிவிட்டது. கூடப்பொறுப்பு சொன்ன அடிக்கீற்றையும் எடுத்துக்கொள்ள ஆசை. சன்னலும் கீற்றும் இரண்டும் இருந்தால் ஒன்றையொன்று கெடுக்குமா?

ஒளியளவு:

கெடுக்காது, ஒன்று முதன்மையாகவும் மற்றது பின்னணியாகவும் இருந்தால். கீற்றை ஒரு லக்ஸுக்குக் கீழே வையுங்கள். அது பார்ப்பதற்கு அல்ல. சுவர் பாயிலிருந்து சற்றே மிதப்பதாக உடம்புக்குத் தெரிவதற்கு.

கூடப்பொறுப்பு:

கீற்றுக்கு வேறொரு பெரிய பயன் இருக்கிறது. காற்று. யாரும் கணக்குப் போடாமல் விடும் இடம் இதுதான், அதனால் முழுதாக எழுதுகிறேன்.

அறையின் கொள்ளளவு 1.91 × 1.91 × 1.9, சுமார் 7 கன மீட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயு வெளியிடுவார். மூடிய அறையில் அது மணிக்கு 2500 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) மேல் ஏற்றும். பன்னிரண்டு நிமிடத்தில் 500 கூடும். முதல் ஆளுக்குப் பிரச்சினை இல்லை. கதவு திறந்து மூடும் மூன்று நிமிடத்தில் பாதிக் காற்றுதான் மாறும் என்றால், நான்காவது ஐந்தாவது ஆள் 1300, 1400இல் உட்காருவார். அறை அனலாக இருக்கும், தூக்கம் தள்ளும். பார்வையாளர் அதை அமைதி என்று எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ள விடக் கூடாது.

மணிக்கு 40 கன மீட்டர் இழுத்தால் ஒருவருக்கு 450 பிபிஎம் ஏற்றத்தோடு நிலைத்துவிடும், எத்தனையாவது ஆளாக இருந்தாலும். இரண்டு சுவரடியில் 2 செ.மீ. கீற்று விட்டால் மொத்தத் திறப்பு சுமார் 760 சதுர செ.மீ. அந்த வழியே 40 கன மீட்டர் வரும்போது காற்றின் வேகம் நொடிக்கு 15 செ.மீ. தோலுக்குத் தெரியாது, காகிதமும் அசையாது. மேலே இழுக்க 140 மி.மீ. கணினி விசிறி இரண்டு, மிகக் குறைந்த வேகத்தில். விசிறியை அறைக்கூரையில் நேரே பொருத்தாதீர்கள். கம்பளி ஒட்டிய பெட்டிக்குழாயை இரண்டு முறை திருப்பி, அதன் மறுமுனையில் வையுங்கள். விசிறிக்கும் மரத்துக்கும் நடுவில் ரப்பர் வேண்டும்; சத்தத்தில் பாதி மரத்தின் வழியாகத்தான் வரும்.

சுவர் பாயைத் தொடாமல் நிற்க வேண்டியிருப்பதால் எடை முழுவதும் தூண்களுக்குப் போகும். அது தச்சுப்பட்டறை சொல்ல வேண்டியது.

தச்சுப்பட்டறை:

சொல்கிறேன். சுவர்ப்பலகையின் அடியில் 30க்கு 60 மி.மீ. சட்டம், குறுக்குவெட்டில் 60 நிமிர்ந்து நிற்கும்படி. இரண்டு தூணுக்கு நடுவில் 191 செ.மீ. ஓடும் சட்டம் 2 மி.மீ. தொய்ந்தால்கூடக் கீற்றின் கோடு வளைந்து தெரியும். ஒளிக்கோடு ஒரு மட்டப்பலகை மாதிரி, எதையும் மறைக்காது. ஆகவே நடுவிலும் ஒரு மெல்லிய தூண் கொடுத்து சுவரை 95 செ.மீ. பலகைகளாகப் பிரியுங்கள். எடையும் கைக்குள் வரும்: 12 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்கு 7 கிலோ சொச்சம், 3 மி.மீ. மண் 5 கிலோ, சட்டம் சேர்த்து ஒரு பலகை 28 கிலோ போல. இரண்டு பேர் தூக்கலாம்.

பூச்சு தூணைத் தொடும் இடத்தில் காயும்போது ஒரு மயிரிழை விலகும், எந்தக் கொத்தனாராலும் தடுக்க முடியாது. அதற்காகவே ஜப்பானியத் தச்சர்கள் தூணின் பக்கத்தில் சுவர் வந்து சேரும் கோட்டில் சிறு காடி எடுக்கிறார்கள். மண் அந்தக் காடிக்குள் நுழைந்து முடியும். சுருங்கினாலும் விலகல் காடிக்குள் நடக்கும், பார்ப்பவருக்குச் சுவர் தூணுக்குள் போய் மறைவதுபோலத்தான் தெரியும். 5 மி.மீ. ஆழம் போதும். பலகை மூட்டுகள் எல்லாம் தூணுக்குப் பின்னால் விழும்படி பாருங்கள். மூட்டின் மேல் மண் பூசி மறைக்கப் பார்த்தால் முதல் வாரமே கோடு விழும்.

கழற்றி மாட்டுவது இந்த மரபுக்குப் புதிதில்லை. துறவி எழுத்தாளர் காமோ நோ சோமெய் 1212இல் எழுதிவைத்தபடி, பத்தடிச் சதுரம்கூட வராத அவருடைய குடிலில் மூட்டுக்கு மூட்டு கொக்கி இருந்தது, பிரித்தால் இரண்டு வண்டியில் ஏற்றிவிடலாம். ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியின் தங்கத் தேநீர் அறையும் கழற்றி மாட்டும் அறைதான். 1586இல் அதை அரண்மனைக்கு எடுத்துப்போய்ப் பேரரசர் முன் நிறுத்தினார்.

மண்சுவர்:

பூச்சு என் பக்கம். மூங்கில் கட்டி முழு மண்சுவர் எழுப்பினால் 6, 7 செ.மீ. கனம், காய வாரக்கணக்கில் ஆகும், சதுர மீட்டருக்கு நூறு கிலோவை நெருங்கும். ஆறு வாரக் காட்சிக்கு அது வேண்டாம். பிளைவுட்டுக்கு முதலில் தண்ணீர் உறிஞ்சாத பூச்சு ஒன்று, அது ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிச் சொரசொரப்பாக்குங்கள். இதை விட்டால் மரம் மண்ணின் தண்ணீரைக் குடித்து, பூச்சு அரை மணியில் வெளுத்து ஓடுபோலக் கழன்றுவிடும். மரத்தின் கறையும் மேலே ஏறும்.

கலவை: 2 மி.மீ. சல்லடையில் சலித்த களிமண் 1 பங்கு, கூர்மணல் 2 முதல் 2.5 பங்கு, 1 முதல் 3 செ.மீ. நீளத்தில் நறுக்கிய வைக்கோல் கை கொள்ளும் அளவு. மண்ணுக்கு மண் மாறும், அதனால் விகிதத்தை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. 1:1.5, 1:2, 1:2.5, 1:3 என்று நான்கு சதுரம், ஒவ்வொன்றும் 30 செ.மீ., அதே பலகையில் அதே கனத்தில் பூசி அதே ஏசி அறையில் காய விடுங்கள். விரிந்தால் மணல் போதவில்லை. உள்ளங்கையால் தேய்க்கும்போது மாவாகக் கொட்டினால் மணல் அதிகம். இரண்டுக்கும் நடுவில் விரியாத முதல் சதுரம் எதுவோ அதுதான் உங்கள் கலவை.

வைக்கோலை மண்ணோடு பிசைந்து மூடி இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுங்கள். நார் இளகி மண்ணோடு ஒட்டும். வாடை அடிக்கும், காய்ந்ததும் போய்விடும். தாய்-ஆன் சுவரில் நீளமான வைக்கோல் இழைகள் மேலேயே தெரிகின்றன. அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் கடைசிப் பூச்சு தண்ணீர் இழுத்து மங்கும் நேரத்தில், 8 முதல் 10 செ.மீ. இழைகளைத் தனித்தனியாக வைத்துக் கரணையால் ஒரே இழுப்பில் அழுத்துங்கள். இரண்டாம் முறை தேய்த்தால் இழை மண்ணுக்குள் புதைந்துவிடும், அந்த இடம் மட்டும் பளபளக்கும். ஒளியளவு சொன்ன கீழிருந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு இழைக்கும் மேலே நிழல் விழும். ஒரு சதுர அடியில் ஆறேழு இழை இருந்தாலே சுவர் ஒரு நிலப்பரப்பாகிவிடும். அதற்கு மேல் போனால் அலங்காரம்.

முதல் பூச்சு 2 மி.மீ., அது முழுதாகக் காய்ந்த பின் நீர் தெளித்து இரண்டாவது 1 மி.மீ. முதல் இரண்டு நாள் ஏசியை நிறுத்துங்கள். ஏசிக் காற்று மேல்தோலை முதலில் காயவைத்தால் தோல் சுருங்கி வலைபோல விரியும். வேகமாகக் காயட்டும் என்று விசிறி வைப்பவர்கள் சுவரை இரண்டு முறை பூசுகிறார்கள்.

நிழற்கோடு:

பார்வையாளர்கள் சுவரில் சாய்வார்கள் அல்லவா? மண் துணியில் ஒட்டுமே?

மண்சுவர்:

ஒட்டும். அதற்குத் தேநீர் அறையிலேயே விடை இருக்கிறது. சுவரின் அடிப்பாகத்தில் காகிதம் ஒட்டுவார்கள், பெயர் கொஷிபரி. தேநீர் தயாரிப்பவர் பக்கம் ஒரு வரிசை, ஒரு சாணுக்கு மேல் உயரம். விருந்தினர் பக்கம் கருநீலக் காகிதம் இரண்டு வரிசை. உட்கார்ந்தவரின் முதுகு படும் உயரம் அதற்குள் அடங்கிவிடும். கீற்றுக்கு நேர் மேலே இந்தக் கருநீலப் பட்டை வந்தால் ஒளியும் அடக்கமாக இருக்கும்.

தச்சுப்பட்டறை:

ஷோஜிக்குச் சட்டம் தேவதாரு போல நேர்நார் உள்ள லேசான மரம். உள்குறுக்குச் சட்டங்கள் முகப்பில் 7 மி.மீ., ஆழம் 15. காகிதம் வெளிப்பக்கம் ஒட்டப்படும், உள்ளே சட்டம் தெரியும். சறுக்கும் சன்னலாக்கினால் மேல்காடி 15 மி.மீ. ஆழம், கீழ்க்காடி 3 மி.மீ.; மேலே தூக்கிச் செருகிக் கீழே இறக்கும் முறை. மேல்சட்டம் தொய்ந்தால் சன்னல் இறுகும். உங்கள் படைப்பில் சன்னல் நகரத் தேவையில்லை என்றால் நிலையாகவே வையுங்கள், ஆனால் கழற்றும்படி.

பசைக்குக் கோதுமை ஸ்டார்ச், மைதா வேண்டாம். மைதாவில் உள்ள புரதம் இறுகிப்போனால் காகிதம் மாற்றும்போது சட்டத்தைச் சுரண்ட வேண்டிவரும். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறுதீயில் கைவிடாமல் கிளறிக் கண்ணாடிபோல ஆனதும் இறக்கி, ஆறியபின் மோர்ப் பதத்துக்கு இளக்குங்கள். கீழ்த்தாளிலிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போக வேண்டும். மேல்தாள் கீழ்த்தாளின் மீது 3 மி.மீ. ஏறினால் மூட்டில் தூசி தங்காது. தேநீர் அறைகளில் சிறு தாள்களைச் செங்கல் வரிசைபோல மாற்றி மாற்றி ஒட்டுவதும் உண்டு. ஒளி வரும்போது மூட்டுக்கோடுகள் சற்றே கருத்துத் தெரியும். ஒற்றைத் தாளைவிட அந்த அறைக்கு அது பொருத்தம்.

காகிதத்தை இழுத்து ஒட்டாதீர்கள். ஒரு நாள் முன்பே கூடத்தில் பிரித்து வைத்து அங்குள்ள ஈரப்பதத்துக்குப் பழக்குங்கள். தளர்வாக ஒட்டி, பசை முழுதாகக் காய்ந்த பின் ஓரடி தள்ளி நின்று நுண்தூவலாகத் தண்ணீர் தெளித்தால் காயும்போது தானாக விறைக்கும். பசை காயும் முன் தெளித்தால் ஓரம் பெயரும். இழுத்து ஒட்டியதை ஏசி இன்னும் காயவைக்கும்போது 7 மி.மீ. சட்டம் உள்வாங்கி வளையும் அல்லது மூலையில் தாள் கிழியும். செயற்கை இழை கலந்த தாள் தெளித்தாலும் விறைக்காது, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடப்பொறுப்பு:

தாளைப் பற்றிப் பேசும்போதே தீ. தீத்தடுப்பு செய்த ஷோஜித் தாள் கடையிலேயே கிடைக்கிறது, சான்றிதழோடு வாங்குங்கள். சணல், வைக்கோல், துணி போன்றவற்றுக்கு வெண்காரம் 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு, வெந்நீர் 70 பங்கு கரைசலில் நனைத்துக் காயவைக்கும் பழைய முறை இருக்கிறது. ஒரு துண்டை வெளியே எடுத்துப்போய்க் கொளுத்திப் பார்த்த பிறகே நம்புங்கள். தாளில் இதைத் தெளித்தால் உப்புக்கறை விளிம்பு தெரியும். கரி அடுப்பு உள்ளே கூடவே கூடாது, 7 கன மீட்டரில் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

கூரையை முழுதாக மூடினால் கூடத்தின் தீயணைப்புத் தெளிப்பான் உங்கள் அறைக்குள் எட்டாது. பல இடங்களில் 70 சதவீதம் திறந்த கட்டக்கூரையை ஏற்கிறார்கள். மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கி, மேலே கூடத்தின் கூரைக்குக் கருப்பு அடித்துவிட்டால் இடைவெளி நிழலாகத்தான் தெரியும். உள்ளூர்த் தீப்பாதுகாப்பு அதிகாரியிடம் வரைபடக் கட்டத்திலேயே காட்டுங்கள். அந்தத் திறந்த கூரை வழியாகவும் காற்று நுழையும், அப்போது கீற்று வழியாக வரும் காற்று குறையும். கரியமில வாயு மீட்டர் ஒன்றை உட்கார்ந்தவரின் தலை உயரத்தில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்து, விசிறி வேகத்தை அதன்படி வையுங்கள்.

நுழைவு: குனிந்து நுழையும் நிஜிரிகுச்சி பொதுவாக 66 செ.மீ. உயரம், 63 அகலம். தாய்-ஆனில் சற்றுப் பெரிது, 79க்கு 72 போல. அது இல்லாமல் இந்த அறை இல்லை என்பது என் கருத்து.

ஒளியளவு:

அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. குனிவது அந்தக் காலத்தில் வாளைக் கழற்றி வைத்த வீரனுக்குப் பொருள் உள்ள செயல். இன்று காட்சிக்கூடத்தில் முழங்கால் வலியுள்ளவருக்கு அது ஒரு தடை, மற்றவர்களுக்கு ஒரு வேடிக்கை. செல்போனை வெளியே எடுத்து வைப்பதும் செருப்பைக் கழற்றுவதும் இன்றைக்கு அதைவிடக் கனமான சடங்கு.

கூடப்பொறுப்பு:

ஒளியளவு, பொருள் போகட்டும். உடம்புக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். குனிந்து, கையை ஊன்றி, முழங்காலில் நகர்ந்து நுழைபவர் உள்ளே நிமிரும்போது கண் தரையிலிருந்து 70, 80 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அறையை அவர் முதன்முதலாகப் பார்ப்பதே உட்கார்ந்த உயரத்திலிருந்து. நின்றபடி நுழைபவர் முதலில் கூரையைப் பார்க்கிறார், அறை சிறியது என்று முடிவு செய்துவிடுகிறார், பிறகுதான் உட்காருகிறார்.

தடை பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்கும் மரபிலேயே வழி இருக்கிறது. தேநீர் தயாரிப்பவர் வர ஒரு வாசல், பெரிய மனிதர்கள் நின்றபடி நுழைய ஷோஜிக் கதவு போட்ட உயரமான வாசல் என்று பல அறைகளில் தனியாக உண்டு. நிழற்கோடு, பின்சுவரில் 85 செ.மீ. தெளிவகலத்தில் இரண்டாம் வாசல் வையுங்கள், மாற்று வழி என்று பலகை மாட்டாமல். யார் எதில் நுழைவது என்று அவரவர் முடிவு செய்யட்டும். பாயின் கனம் 6 செ.மீ., ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு என்றால் சரிவுப்பலகை 72 செ.மீ. நீளம். உள்ளே 191 சதுரத்தில் 150 செ.மீ. திரும்பும் வட்டம் அடங்கும். சக்கரம் இகுசாக் கோரையைக் கிழிக்கும், அதனால் 6 மி.மீ. ஹார்டுபோர்டு இரண்டைப் பாய் நிறத் துணி போர்த்தித் தயாராக வையுங்கள். இரண்டு கதவும் உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது. உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் இடத்தில் ஓர் அழைப்பு மணி.

ஒளியளவு:

இரண்டும் சம மதிப்போடு இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உயரமான வாசலுக்கு எதிரே சன்னலை வைக்காதீர்கள், நடைபாதை வெளிச்சம் நேரே காகிதத்தில் அடிக்கும்.

நிழற்கோடு:

கண்ணாடித் தேநீர் அறைகளைப் பற்றி உங்கள் எண்ணம்? சுவரே இல்லாமலும் இது சாத்தியம் என்றுதானே கலைஞர் சுகிமோத்தோ காட்டினார்?

மண்சுவர்:

ஹிரோஷி சுகிமோத்தோவின் மோண்ட்ரியன் 2014இல் வெனிஸில் நின்றது, இப்போது நவோஷிமாவில் இருக்கிறது. தொகுஜின் யோஷியோக்காவின் கோ-ஆன் 2015இல் கியோத்தோ ஷோரென்-இன் கோயிலைச் சேர்ந்த மலைமேல் மேடையில் வைக்கப்பட்டது. இரண்டும் மிக அழகான படைப்புகள். ஆனால் அவை வெளியே நின்று பார்ப்பவருக்கானவை. உள்ளே இருப்பவர் காட்சியாகிவிடுகிறார். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற உறுதி கிடைத்த பிறகுதான் ஒருவர் முகத்தைத் தளர்த்துவார். உங்கள் அறையில் கண்காணிப்பு கேமரா வைக்கச் சொல்வார்கள். நடைபாதையில் வைத்துக்கொள்ளட்டும்.

தச்சுப்பட்டறை:

ஒலித்தடம் வேண்டாம் என்பது என் வாக்கு. தேநீர் அறையில் ஓசை என்றால் கொதிக்கும் கெண்டிதான். அதன் அடியில் இரும்புத் துண்டுகளை ஒட்டி வைத்து, நீர் சூடேறும்போது பைன் மரக்காற்று போல ஒலிக்கும்படி செய்கிறார்கள். அது அங்கேயே, அந்த நேரத்திலேயே பிறக்கிற ஓசை. ஸ்பீக்கரில் வரும் நீரோசைக்குச் சுழற்சி உண்டு. பன்னிரண்டு நிமிடத்தில் காது அதைக் கண்டுபிடித்து எண்ணத் தொடங்கும். ஓசை வேண்டுமென்றால் உள்ளே மின்தட்டில் ஒரு கெண்டியைக் கொதிக்க வையுங்கள், இல்லையென்றால் மௌனம்.

நிழற்கோடு:

ஒலித்தடத்தை எடுத்துவிட்டேன். பாய்க்கு இகுசா கிடைக்காவிட்டால் பத்தமடைக் கோரைப்பாய் போடலாமா?

மண்சுவர்:

மேற்பரப்பாக நன்றாகவே இருக்கும், பத்தமடை நெசவு இகுசாவைவிட நுண்மையானது. ஆனால் தத்தாமியின் குணம் அதன் அடியில் இருக்கும் 5 செ.மீ. அழுத்திய வைக்கோல் கட்டு. முழங்காலையும் தாங்குகிறது, ஓசையையும் விழுங்குகிறது. மரத்தளத்தில் கோரைப்பாயை மட்டும் விரித்தால் வழுக்கும், ஒவ்வொரு அசைவும் கேட்கும். 40 மி.மீ. அடர்த்தியான தக்கைப்பலகை, அதன்மேல் 10 மி.மீ. கம்பளி, அதைச் சுற்றிப் பாயை இழுத்து அடியில் தைத்தால் நெருங்கி வரும். ஓரத்துக்குக் கருந்துணி வையுங்கள், நடுக்கோடு இல்லாவிட்டால் இரண்டு பாய் என்பதே தெரியாது. கோரை ஈரம் வாங்கும். பூச்சு முழுதாகக் காய்ந்து அறையின் ஈரப்பதம் 60க்குக் கீழே இறங்கிய பின் விரியுங்கள். முன்னால் விரித்தால் நாலைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும்.

நிழற்கோடு:

அப்படியானால் வேலை வரிசை: தூண், சட்டம், விசிறிக்குழாய், பலகை, பூச்சு, கொஷிபரி, ஷோஜி, பாய். சரியா?

தச்சுப்பட்டறை:

கொஷிபரிக்கு முன்னால் ஒளியமைப்பை முடித்துவிடுங்கள். விளக்கு ஏற்றிப் பார்த்த பிறகுதான் சுவரில் எங்கே மேடு பள்ளம் என்று தெரியும், அதைத் திருத்தும்போது கீழே மண் வழியும். ஷோஜித் தாளை ஏசி மறுபடி ஓடத் தொடங்கி இரண்டு நாள் ஆன பின் ஒட்டுங்கள். கூடுதலாக ஒரு ஷோஜிச் சட்டத்தைத் தாள் ஒட்டியே பின்னறையில் நிறுத்தி வையுங்கள். ஆறு வாரத்தில் யாராவது ஒருவர் விரலால் குத்திப் பார்ப்பார். கழற்றி மாட்ட ஆள் மாறும் மூன்று நிமிடம் போதும்.